ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்: யூனிகோட் கோப்புப்பெயர்கள், ஓர் எளிய விளக்கம்

சில ஆண்டுகளுக்கு முன், பழைய இதழ்களை வருடி (ஸ்கேன் செய்து) ஒழுங்குபடுத்தும் பணி ஒன்றில் ஈடுபட்டிருந்தேன். வருடல் நடந்த இடத்தில் மேக் கணினி இருந்தது. கோப்புகள் போய்ச் சேர்ந்த சர்வர் லினக்ஸில் ஓடியது. எக்செல் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் உரிய கோப்பு சர்வரில் இருக்கிறதா என்று பார்க்கச் சிறிய நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். "அகராதி", "தமிழ்", "நிகண்டு" எல்லாம் கிடைத்தன. "தொகுதி", "கோவை", "சொற்பொழிவு" ஆகியவை இல்லை என்றது நிரல். ஆனால் அந்தக் கோப்புகள் அதே ஃபோல்டரில் கண்ணெதிரே இருந்தன. அவை தவறிவிட்டன என்று எண்ணி, உடன் பணியாற்றியவர் தம் விண்டோஸ் கணினியிலிருந்து மீண்டும் ஏற்றினார். இப்போது "தொகுதி" என்ற பெயரில் இரண்டு கோப்புகள் அடுத்தடுத்து நின்றன.

விடுபட்ட பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்த பிறகுதான் ஒற்றுமை பிடிபட்டது. அவை ஒவ்வொன்றிலும் ஒகரமோ ஓகாரமோ ஔகாரமோ ஏறிய உயிர்மெய் ஒன்று இருந்தது. கிடைத்த பெயர்களில் அப்படி ஓர் எழுத்தும் இல்லை.

"யூனிகோட் வந்துவிட்டது, இனித் தமிழ் எல்லாக் கணினியிலும் ஒன்றுபோல வேலை செய்யும்" என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆவணத்துக்கு உள்ளே இருக்கும் எழுத்தைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் உண்மை. கோப்பின் பெயரைப் பொறுத்தவரை இது பாதி உண்மைதான். மற்றப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் பல இயங்குதளங்களுக்கு மென்பொருள் எழுதுவோர் பயனர்களின் கோப்புகளைத் தொலைத்துவிடுகிறார்கள். அந்தப் பாதியை அடியிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் என்பது டோக்கன்

கோயில் வாசலில் செருப்பை விடும்போது ஒரு டோக்கன் தருகிறார்கள். திரும்பி வரும்போது காப்பாளர் நம் முகத்தையோ செருப்பின் நிறத்தையோ பார்ப்பதில்லை. டோக்கனில் உள்ள எண்ணைப் பார்த்து, அதே எண் உள்ள அறையிலிருந்து எடுத்துத் தருகிறார். எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் நம் செருப்பு நமக்குக் கிடைக்காது.

கோப்புப்பெயரும் அப்படிப்பட்ட ஒரு டோக்கன்தான். நமக்கு அது படிக்கக்கூடிய சொல். கணினிக்கு அது எண்களின் வரிசை. வட்டில் கோப்புகளை அடுக்கி, பெயரைக் கொடுத்தால் உரிய கோப்பை எடுத்துத் தரும் இயங்குதளப் பகுதிக்குக் கோப்பு முறைமை என்று பெயர். அதுவே நம் காப்பாளர். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் காப்பாளர்கள் வேறு. டோக்கனைப் படிக்கும் முறையும் வேறு.

எழுத்து, குறியெண், பைட்

"தமிழ்" என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று கேட்டால் த, மி, ழ் என மூன்று என்போம். யூனிகோட் வேறு விதமாக எண்ணுகிறது. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் அது ஒரு தனி எண்ணை ஒதுக்கியுள்ளது. அந்த எண்ணைக் குறியெண் என்போம். 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் ஒதுக்கப்பட்டது. இதில் உயிர்மெய் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் இல்லை. மெய்யின் அகர வரிவடிவத்துக்கு ஓர் எண், அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கு ஓர் எண், புள்ளிக்கு ஓர் எண் என்பதே ஏற்பாடு. எனவே "தமிழ்" என்பது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்களாகிறது: 2980, 2990, 3007, 2996, 3021.

இந்த எண்களை வட்டில் எழுத இன்னொரு படி தேவை. கணினி எதையும் 0 முதல் 255 வரையுள்ள சிறு எண்களாகத்தான் சேமிக்கிறது; அந்தச் சிறு எண்ணுக்கு பைட் என்று பெயர். 2980 ஒரு பைட்டில் அடங்காது. பெரிய குறியெண்ணைப் பைட்டுகளாகப் பிரித்து எழுதும் விதிக்குக் குறியாக்கம் என்று பெயர். 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வடிவமைத்த யூடிஎஃப்-8 இன்று பரவலாக உள்ள குறியாக்கம். அதில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டுகளாகும். 'த' என்பது 224, 174, 164 என்று எழுதப்படும். விண்டோஸ் தனக்குள் பயன்படுத்தும் யூடிஎஃப்-16இல் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் இரண்டு பைட்டுகள் கொண்ட ஓர் அலகாகும்.

ஆக, "தமிழ்" என்பது மனிதருக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து குறியெண், யூடிஎஃப்-8 வட்டுக்குப் பதினைந்து பைட். ஒருவர் "பெயரின் நீளம்" என்று சொன்னால், இம்மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு கோலம், இரண்டு கைவழிகள்

இனி "தொகுதி"க்கு வருவோம். 'தொ' என்ற எழுத்தைக் கையால் எழுதும்போது ஒற்றைக்கொம்பு, 'த', கால் என மூன்று உருக்களாக எழுதுகிறோம். யூனிகோடில் இதை இரண்டு விதமாகப் பதியலாம். ஒகரக் குறி முழுவதற்கும் 3018 என ஒரே குறியெண் உண்டு. 'த'வுக்குப் பின் அதை இட்டால் போதும். அல்லது 'த'வுக்குப் பின் ஒற்றைக்கொம்பின் 3014, காலின் 3006 என்று இரண்டை இடலாம். திரையில் இரண்டும் 'தொ' என்றே தெரியும்.

வாசலில் இருக்கும் ஒரு சிக்குக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கையெடுக்காமல் ஒரே இழையாக இழுத்துப் போட்டிருக்கலாம். இன்னொருத்தி இரண்டு இழைகளைக் கண்ணுக்குத் தெரியாமல் இணைத்திருக்கலாம். விடிந்தபின் தெருவில் போகிறவருக்கு அது ஒரே கோலம். கை போன வழியை வரிசையாகக் குறித்துவைத்தவரிடம் இரண்டு வேறு குறிப்புகள் இருக்கும். கோப்பு முறைமை படிப்பது அந்தக் குறிப்பைத்தான்.

ஓகாரக் குறிக்கும் ஔகாரக் குறிக்கும் இதே இரட்டை வழி உண்டு. 'ஔ' என்ற உயிரெழுத்துக்கும் உண்டு. இந்த இணைகள் பொருளில் ஒன்றே என்று யூனிகோட் விதி வெளிப்படையாக அறிவிக்கிறது. ஒன்றாகக் கருத வேண்டியவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் செயலுக்கு இயல்பாக்கம் என்று பெயர். சேர்த்து எழுதும் வடிவம் என்எஃப்சி எனவும், பிரித்து எழுதும் வடிவம் என்எஃப்டி எனவும் அழைக்கப்படுகின்றன. "தொகுதி" என்எஃப்சியில் ஆறு குறியெண், 18 பைட். என்எஃப்டியில் ஏழு குறியெண், 21 பைட். சர்வரில் அடுத்தடுத்து நின்ற அந்த இரண்டு கோப்புகளின் பெயர்களும் இவையே.

பிரெஞ்சு, வியட்நாமிய மொழிகளில் எழுத்தின் மேல் வரும் சிறு குறிகளை வைத்துத்தான் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் விளக்குவார்கள். அதனால் தமிழுக்கு இது பொருந்தாது என்று நினைப்போர் பலரைப் பார்த்திருக்கிறேன். கொம்பும் காலும் சேரும் ஒவ்வொரு எழுத்திலும் இது பொருந்தும்.

காப்பாளர்கள் எப்படி வேறுபடுகிறார்கள்

லினக்ஸின் காப்பாளர் டோக்கனைப் படிப்பதே இல்லை. பைட் பைட்டாக ஒத்துப் பார்ப்பதோடு சரி. பெயரில் இடம்பெறக் கூடாதவை இரண்டு மட்டுமே: சாய்கோடும், மதிப்பு பூஜ்யமான பைட்டும். மற்ற எந்தப் பைட் வரிசையும் செல்லும். அது யூடிஎஃப்-8ஆக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதனால் 18 பைட் "தொகுதி"யும் 21 பைட் "தொகுதி"யும் அதற்கு இரு வேறு கோப்புகள். 2019இல் வந்த லினக்ஸ் 5.2 முதல், ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் குறிப்பிட்ட ஃபோல்டர்களை மட்டும் இயல்பாக்கி ஒப்பிடும்படி அமைக்க முடிகிறது. அதை யாரும் கேட்டு அமைத்தால்தான் அது நடக்கும்.

விண்டோஸின் என்டிஎஃப்எஸ் இரண்டு பைட் அலகுகளின் வரிசையாகப் பெயரைச் சேமிக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் வழக்கமாக ஒன்றாகவே கருதும், இயல்பாக்கம் செய்யாது. எனவே இரண்டு "தொகுதி"களும் அங்கேயும் ஒன்றாக வாழலாம். கேள்விக்குறி, நட்சத்திரக்குறி, முக்காற்புள்ளி, இரட்டை மேற்கோள்குறி போன்றவற்றுக்கு அங்கே இடமில்லை. "பகுதி 2: உரை" என்று லினக்ஸில் வைத்த பெயர் விண்டோஸில் நுழையாமல் போவதற்கு அந்த முக்காற்புள்ளியே காரணம், தமிழ் எழுத்துகள் அல்ல.

மேக்கின் கதைதான் நீளமானது. 1998இல் அறிமுகமான எச்எஃப்எஸ் பிளஸ் என்ற கோப்பு முறைமை, நாம் கொடுத்த டோக்கனை வாங்கித் தன் கையெழுத்தில் திருத்தி எழுதிவிடும். சேர்த்து எழுதிய "தொகுதி"யைக் கொடுத்தால் பிரித்து எழுதிய வடிவமே வட்டில் பதியும். அந்தக் கணினிக்குள் மட்டும் பணியாற்றும்வரை எவருக்கும் வேறுபாடு தெரியாது, ஏனெனில் தேடும் பெயரையும் அது அவ்வாறே பிரித்துப் பார்க்கும். வேறு இடத்துக்குக் கோப்பை நகலெடுக்கும்போது பிரித்த வடிவமே கூடப் போகிறது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் இந்தப் பழக்கத்தை விட்டது: கொடுத்த வடிவத்தை அப்படியே காக்கும்; தேடும்போது மட்டும் இரு வடிவங்களையும் ஒன்றாகக் கருதும். என் பார்வையில் இதுவே நியாயமான நடத்தை. ஆனால் எச்எஃப்எஸ் பிளஸ் வட்டுகளிலிருந்து ஏற்கெனவே வெளியேறிய பெயர்கள் சர்வர்களிலும் பேக்கப்களிலும் பிரித்த வடிவிலேயே கிடக்கின்றன.

இங்கே ஒரு சிறு விலகல். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த, பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட காலத்தில் கோப்புக்குத் தமிழில் பெயர் வைக்கும் எண்ணமே பலருக்கு எழவில்லை. ஆவணத்துக்குள் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கலாம். கோப்புப் பட்டியலோ கணினியின் சொந்த எழுத்துருவில் தெரியும் என்பதால், தமிழில் இட்ட பெயர் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே காட்சியளிக்கும். இன்றும் பலர் கோப்புப்பெயரை ஆங்கில எழுத்திலேயே வைப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். "ஆங்கிலத்தில் பெயர் வையுங்கள்" என்று பயனரிடம் சொல்லிவிட்டு நிரலாளர் நகர்வது சரியன்று. தம் மொழியில் பெயர் வைப்பது பயனரின் உரிமை. அதைத் தாங்குவது நம் வேலை.

இதுவரை கண்டது: ஒரே தோற்றத்துக்கு இரண்டு எண் வரிசைகள் இருக்கலாம். லினக்ஸும் விண்டோஸும் அவற்றை வேறாகக் கருதும். மேக் ஒன்றாகக் கருதும், பழைய மேக் திருத்தியும் எழுதும்.

கேள்விக்குறிகளும் கிரேக்க எழுத்துகளும்

காப்பாளர் சரியாக இருந்தும், இடையில் டோக்கனைக் கொண்டுபோகிறவர் அதைக் கெடுத்துவிடலாம். விண்டோஸில் கோப்பைத் திறக்கும் கட்டளைகள் இரு வகை. ஒரு வகை யூனிகோடை நேரே ஏற்கும். இன்னொரு வகை, யூனிகோடுக்கு முன்பிருந்த 'கோட் பேஜ்' என்னும் எழுத்து அட்டவணைகள் வழியே செல்லும். அந்தக் கட்டளைகள் இயல்பாகப் பயன்படுத்தும் அட்டவணைகளில் தமிழுக்கென ஒன்று கிடையாது. ஆகவே சி மொழியின் பழகிய எஃப்ஓப்பன் கட்டளை வழியே தமிழ்ப் பெயர் போனால், வழக்கமான அமைப்பில் ஒவ்வொரு குறியெண்ணும் கேள்விக்குறியாகிவிடும். கேள்விக்குறிக்கோ கோப்புப்பெயரில் இடமே இல்லை. கோப்பைத் திறக்க வழியும் இல்லை. யூனிகோட் வகைக் கட்டளைகளைப் பயன்படுத்துவது இதற்குத் தீர்வு. 2019இல் வந்த விண்டோஸ் 10இன் 1903 பதிப்பு முதல், தன் அட்டவணை யூடிஎஃப்-8 என்று செயலி தன் விவரங்களைச் சொல்லும் மேனிஃபெஸ்டில் அறிவித்துக்கொள்வதும் இன்னொரு வழி.

ஜிப் கோப்புகளில் நடக்கும் சிதைவுக்கு வேறு முகம். ஜிப் வடிவம் பழைய ஐபிஎம் கணினிகளின் 437 என்ற அட்டவணையைத் தன் இயல்பான அட்டவணையாகக் கொண்டு பிறந்தது. உள்ளே இருக்கும் பெயர் யூடிஎஃப்-8 என்று சொல்லும் ஒரு சிறு கொடி 2006இல் அதன் வரையறையில் சேர்க்கப்பட்டது. கொடியை ஏற்றாமல் ஒரு நிரல் கட்டிய ஜிப்பை இன்னொரு நிரல் பிரிக்கும்போது, 'த'வின் 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகளும் அந்த அட்டவணைப்படி கிரேக்க ஆல்ஃபா, இரட்டைக் கோணக் குறி, தலையில் நெளிகோடு கொண்ட ஸ்பானிய எழுத்து என்று மாறும். தமிழ்க் குறியெண்கள் எல்லாம் 224இல் தொடங்குவதால், இரண்டு எழுத்து இடைவெளி விட்டு ஆல்ஃபா திரும்பத் திரும்ப வரும். அப்படி ஒரு பெயரைக் கண்டால் கோப்பு கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பைட்டுகள் பத்திரமாக உள்ளன, படித்த அட்டவணைதான் தவறு. திருப்பி மாற்றினால் தமிழ் மீண்டுவிடும். கேள்விக்குறியாகிவிட்ட பெயரை அப்படி மீட்க முடியாது.

நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் தமிழ்ப் பெயர்கள் 340, 256, 244 என்று சாய்கோடுகளுடன் எண்களாகத் தெரிவது பலரை அச்சுறுத்துகிறது. அதே பைட்டுகளை எட்டை அடிமானமாகக் கொண்ட எண்களில் அது காட்டுகிறது. 'குவோட்பாத்' என்ற அமைப்பை அணைத்தால் தமிழாகவே தெரியும். இது காட்சிப் பிரச்சினை மட்டுமே.

நீளத்தில் வரும் விபத்து

ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் வரை அனுமதிக்கிறது. தமிழில் அது 85 குறியெண்தான். என்டிஎஃப்எஸ் 255 அலகுகளை அனுமதிக்கிறது. தமிழில் அது 255 குறியெண். ஒரு கட்டுரையின் முழுத் தலைப்பையும் பெயராகக் கொண்ட கோப்பு விண்டோஸில் நன்றாக இருந்து, லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது மறுக்கப்படுவது இதனால்தான்.

நீளமான பெயரை நிரல் தானே வெட்டும்போது கூடுதல் கவனம் வேண்டும். முடிவில் வரும் பிடிஎஃப் என்னும் பின்னொட்டு, புள்ளியுடன் நான்கு பைட். 255இல் அது போக மீதி 251. அது மூன்றால் மீதமின்றி வகுபடாது. பைட் கணக்கில் வெட்டினால் கடைசிக் குறியெண்ணின் இரண்டு பைட் மட்டும் எஞ்சி, பெயரே செல்லாத யூடிஎஃப்-8 ஆகிவிடும். குறியெண் எல்லையில் வெட்டினாலும் புள்ளி தனியே கழன்று "தமிழ்" என்பது "தமிழ" ஆகலாம். மனிதர் காணும் முழு எழுத்தின் எல்லையில் வெட்டுவதே சரி. அதற்கான நூலகங்கள் பெரும்பாலான நிரல்மொழிகளில் உள்ளன.

நிரலாளர் என்ன செய்ய வேண்டும்

முதல் விதியை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன்: கோப்பு முறைமை கொடுத்த பெயரைத் திருத்தாமல் வைத்திருந்து, அதே வடிவில் திருப்பிக் கொடுங்கள். நன்மை செய்வதாக எண்ணி எல்லாப் பெயரையும் என்எஃப்சிக்கு மாற்றிவிட்டு, பிறகு அந்த மாற்றிய பெயரால் லினக்ஸில் கோப்பைத் திறக்க முயலும் நிரல்கள் ஏராளம். டோக்கனை அழகாக மறுபடி எழுதிக்கொண்டு போய்ச் செருப்புக் கேட்பது போன்றது அது. ஒப்பிடும்போதும் தேடும்போதும் மட்டும், இரு பக்கப் பெயர்களையும் இயல்பாக்கிய பிரதிகளாக எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். உங்கள் நிரல் தானே புதிதாக உருவாக்கும் கோப்புகளுக்கு என்எஃப்சி வடிவில் பெயர் வைப்பது நல்லது.

யூடிஎஃப்-8 அல்லாத பெயரும் லினக்ஸில் எதிர்ப்படலாம் என்பதை ஏற்றுக்கொண்டு எழுதுங்கள். பைத்தான் 2009இல் வந்த 3.1 பதிப்பு முதல், புரியாத பைட்டுகளை ஒதுக்கிவைத்த குறியெண்களில் ஏற்றிக்கொண்டு, கோப்பைத் திறக்கும்போது பழைய பைட்டுகளாகவே திருப்பித் தருகிறது. ரஸ்ட் மொழியோ கோப்புப்பெயருக்கு வழக்கமான உரையிலிருந்து வேறான ஒரு தனி வகையையே வைத்திருக்கிறது. நிரல் எழுதும்போது இது தொல்லையாகத் தோன்றும். பெயரும் உரையும் ஒன்றல்ல என்பதை ஒவ்வொரு வரியிலும் நினைவூட்டும் அந்தத் தொல்லையை நான் வரவேற்கிறேன்.

இயல்பாக்கத்தால் தீராதவையும் தமிழில் உண்டு. 'மௌ' என்பதில் ஔகாரக் குறியின் வலப்பகுதியான கொம்புக்கால், 'ள' என்ற எழுத்தைப் போலவே இருக்கும். பலர் "மௌனம்" என்பதற்கு ஒற்றைக்கொம்பும் 'ள'வும் இட்டு "மெளனம்" என்று தட்டச்சிடுகிறார்கள். யூனிகோட் விதிப்படி இவை இரு வேறு சொற்கள். எந்த இயல்பாக்கமும் ஒன்றாக்காது. 'ஸ்ரீ' என்பதை 'ஶ'வில் தொடங்கியும் 'ஸ'வில் தொடங்கியும் எழுதும் இரு வழக்கங்களும் அப்படியே. "ரிக்‌ஷா" போன்ற சொற்களில் 'க்', 'ஷ' இரண்டும் ஒட்டிக்கொள்ளாதிருக்க இடப்படும் அகலமில்லாத பிரிப்பியும் கண்ணுக்குத் தெரியாமல் பெயரில் தங்கிவிடும். இவற்றைத் தேடலில் ஒன்றாகக் காட்டலாம். ஒரே கோப்பு என்று கருதி ஒன்றன்மேல் ஒன்றை எழுதிவிடக் கூடாது.

அந்த சர்வரில் நாங்கள் முதலில் எந்தப் பெயரையும் மாற்றவில்லை. பட்டியலின் பெயரையும் கோப்பின் பெயரையும் என்எஃப்சிக்குக் கொண்டுவந்து ஒப்பிடும் ஒரு வரியை நிரலில் சேர்த்தோம். விடுபட்டவை மளமளவென்று கிடைத்தன. இரட்டையாக நின்றவற்றின் உள்ளடக்கத்தை ஒத்துப் பார்த்து, ஒரே மாதிரி இருந்தவற்றில் பிரித்த வடிவில் பெயர் கொண்ட பிரதியை நீக்கினோம். இறுதியில் ஒன்று மட்டும் கிடைக்கவில்லை. பட்டியலில் "மௌனம்" என்றிருந்தது. வருடியவர் 'ள' போட்டுத் தட்டச்சிட்டிருந்தார். அதைக் கையால்தான் திருத்தினோம்.